விளம்பரம்தான் கேள்வித்தாள்: ரெஸ்யூமேயும் கவர் லெட்டரும் எழுதத் தொடங்குபவர்களுக்கு

"துவாஸில் உள்ள குளிரூட்டிய உணவுப் பொருள் கிடங்குக்கு ஸ்டோர் அசிஸ்டன்ட் தேவை. குறைந்தது இரண்டாண்டு அனுபவம். ஸ்டாக் கவுன்ட், டிஓ வேலை தெரிந்திருக்க வேண்டும். எக்செல் அவசியம். ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் இருந்தால் நல்லது. வாரம் ஐந்தரை நாள், ஷிஃப்ட் உண்டு. எதிர்பார்க்கும் சம்பளத்தையும் எப்போது சேர முடியும் என்பதையும் குறிப்பிட்டு ரெஸ்யூமே அனுப்பவும்."

சிங்கப்பூரில் இப்படி ஒரு விளம்பரம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அனுபவம், ஸ்டாக் கவுன்ட் (சரக்கிருப்பை எண்ணுவது), டிஓ (சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர் தாள்), எக்செல், ஃபோர்க்லிஃப்ட், ஷிஃப்டுக்கு வருவீர்களா, சம்பளம், சேரும் நாள். மொத்தம் எட்டு. குளிரூட்டிய இடம் என்பதையும் சேர்த்தால் ஒன்பது. நீங்கள் அனுப்பும் தாள்கள் இந்த ஒன்பதுக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் அதைத்தான் தேடிப் படிக்கிறார். உங்களுக்கு வேறு என்னென்ன தெரியும் என்பதை அப்புறம்தான் பார்ப்பார்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. முன்பு எப்போதோ செய்து வைத்த ஒரே ஃபைலை நாற்பது இடங்களுக்கு அனுப்பிவிட்டு, ஒருவரும் கூப்பிடவில்லையே என்று குறைப்படுவார்கள். நாற்பது வெவ்வேறு கேள்வித்தாள்களுக்கு ஒரே விடைத்தாளைக் கொடுத்தால் மதிப்பெண் எப்படி வரும்?

இரண்டு தாள், இரண்டு வேலை

ரெஸ்யூமே என்பது நீங்கள் இதுவரை செய்ததன் சுருக்கம். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளே சுருக்கம்தான். எங்கே வேலை பார்த்தீர்கள், எப்போது, என்ன செய்தீர்கள், என்ன படித்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முழு வாக்கியங்கள் வேண்டியதில்லை. ஓட்டமாகப் பார்க்கும் கண்ணுக்குச் சிக்கும்படி வரிவரியாக இருந்தால் போதும்.

கவர் லெட்டர் ஒரு கடிதம். ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவது. இந்த வேலை எனக்கு ஏன் பொருந்தும், நான் உங்களுக்கு எப்படிப் பயன்படுவேன் என்று அதில் சொல்கிறீர்கள். ரெஸ்யூமேயில் வைக்க இடமில்லாத விஷயங்களுக்கும் இதுதான் இடம்: வேலையில் விழுந்த இடைவெளி, துறை மாறும் காரணம், சம்பளம், சேரும் நாள்.

ரெஸ்யூமேயில் இருப்பதைக் கடிதத்தில் அப்படியே திரும்பச் சொல்வதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் முதல் தவறு. ரெஸ்யூமேயில் "2021 முதல் 2024 வரை கிடங்கில் வேலை", கடிதத்திலும் "நான் 2021 முதல் 2024 வரை கிடங்கில் வேலை பார்த்தேன்" என்றிருந்தால், படிப்பவர் கடிதத்தைப் பாதியிலேயே மூடிவிடுவார். ரெஸ்யூமே சொன்ன ஒரு விஷயத்தை எடுத்து அதன் உள்ளே கூட்டிப் போவதுதான் கடிதத்தின் வேலை.

பயோடேட்டா பழக்கத்தை விட்டுவிடுங்கள்

நம்மவர்கள் பலருக்கு ரெஸ்யூமே என்றதும் மனத்தில் வருவது பயோடேட்டா. தலைப்பில் பெரிய எழுத்தில் "பயோடேட்டா", கீழே தந்தை பெயர், பிறந்த தேதி, பால், மதம், திருமண நிலை, நாட்டுரிமை, கடைசியில் "மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று ஓர் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. ஊரில் இது வழக்கம். கல்யாணத் தரகரிடம் கொடுப்பதும் ஏறக்குறைய இதே தாள்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சிங்கப்பூரில் இவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை. வயது, இனம், மதம், பால், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைப் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது, திறமையைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்பது நியாயமான வேலை நியமனம் பற்றி அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறை. வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. வேலை கொடுப்பவர் கேட்கக் கூடாததை நாமே முந்திக்கொண்டு எழுதிக் கொடுப்பானேன்? அந்த ஆறு வரியைத் தூக்கினால் உங்கள் அனுபவத்துக்கு ஆறு வரி இடம் கிடைக்கும். புகைப்படமும் அப்படித்தான், விளம்பரம் கேட்டாலொழிய வைக்க வேண்டாம். உறுதிமொழி வரியும் வேண்டாம்.

அடையாள அட்டை எண்ணைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரெஸ்யூமேயில் அதை எழுதவே எழுதாதீர்கள். வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் ஃபின் எண்ணையும் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) கடப்பிதழ் எண்ணையும் எழுதக் கூடாது. சட்டத்தின்படி தேவைப்பட்டாலோ, ஆளைத் துல்லியமாக அடையாளம் காண்பது அவசியமானாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை உறுதியான பிறகு அவர்களுக்கு அது தேவைப்படும்; அப்போது கொடுங்கள். முழு வீட்டு முகவரியும் வேண்டியதில்லை. "உட்லண்ட்ஸ்" அல்லது "ஜூரோங் வெஸ்ட்" என்று வட்டாரம் மட்டும் இருந்தால் போதும். துவாஸுக்குக் காலை ஷிஃப்ட் வந்து சேர முடியுமா என்று கணக்குப் போடுபவருக்கு அதுவே போதுமான தகவல்.

சான்றிதழ் நகல்களை இணைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சில சான்றிதழ்களிலும் தேர்வு முடிவுத் தாள்களிலும் அடையாள எண் அச்சாகியிருக்கும். ரெஸ்யூமேயில் மறைத்துவிட்டு, இணைப்பில் அதையே கொடுத்துவிடுவார்கள். கேட்காதவரை சான்றிதழ்களை அனுப்பாமல் இருப்பதே மேல். கேட்டால் எண்ணை மறைத்து நகலெடுங்கள்.

பெயரில் வரும் சிக்கல்

தமிழர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. அடையாள அட்டையில் "முத்து த/பெ ராமசாமி" என்ற பொருளில் ஆங்கிலத்தில் "எஸ்/ஓ" என்று இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குப் பள்ளிச் சான்றிதழில் "ரா. முத்து" என்று முன்னெழுத்தோடு இருக்கும். கடப்பிதழிலோ அது விரிந்து "முத்து ராமசாமி" ஆகியிருக்கும். மனிதவளப் பிரிவில் இருப்பவர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "மிஸ்டர் ராமசாமி" என்று ஃபோனில் கூப்பிடுவார். "அப்பா வீட்டில் இல்லையே" என்று சொல்லத் தோன்றும்.

இதற்கு ஒரே வழி: ரெஸ்யூமேயின் உச்சியில் அடையாள அட்டையிலோ கடப்பிதழிலோ உள்ளபடியே முழுப் பெயரை எழுதுங்கள். அதில் கூப்பிடும் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுங்கள். கடிதத்தின் கீழும், மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரிலும், ஃபைலின் பெயரிலும் அதே வடிவம் இருக்கட்டும். மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் மூன்று ஆட்கள் விண்ணப்பித்ததுபோல் ஆகிவிடும். பட்டத்தின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சான்றிதழில் உள்ளபடியே எழுதுவது நல்லது. வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது டிப்ளோமா, அதற்கு மேற்பட்ட தகுதிகளை நிறுவனம் சரிபார்த்துக் காட்ட வேண்டியிருக்கும். அங்கே பெயர் இடித்தால் தாமதமாகும்.

மின்னஞ்சல் முகவரியிலும் பெயர் இருக்க வேண்டும். பள்ளி நாளில் நடிகர் பெயரோடு உருவாக்கியதை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுபவம்: ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

ரெஸ்யூமேயின் உயிர் இந்தப் பகுதிதான். அண்மையில் செய்த வேலை மேலே, பழையது கீழே. ஒவ்வொன்றுக்கும் பதவி, நிறுவனம், தொடங்கிய மாதமும் ஆண்டும், முடிந்த மாதமும் ஆண்டும். அதன் கீழ் மூன்று முதல் ஐந்து வரிகள்.

நிறுவனத்தின் சரியான பெயரோ சேர்ந்த தேதியோ மறந்துவிட்டதா? சம்பளச் சீட்டையும் வேலையில் சேர்ந்தபோது தந்த முக்கிய வேலை விதிமுறைகள் தாளையும் எடுங்கள். 2016 ஏப்ரல் 1 முதல் வேலைச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு இரண்டையும் எழுத்தில் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. பதவிப் பெயரும் சேர்ந்த நாளும் விதிமுறைகள் தாளில் இருக்கும். கப்பல் பட்டறையிலோ கட்டுமானத் தளத்திலோ சப்-கான் (துணை ஒப்பந்த நிறுவனம்) மூலம் வேலை பார்த்தவர்கள் சம்பளச் சீட்டில் உள்ள நிறுவனத்தை முதலாளியாக எழுதி, எந்தத் தளத்தில் வேலை என்பதை அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். தளத்தின் பெரிய பெயரை மட்டும் எழுதிவிட்டால், விசாரிக்கும்போது "அப்படி யாரும் எங்களிடம் இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொன்னவர் என்ற பெயர் வீணாக ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த வரிகள். ரெஸ்யூமேயை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள்; இங்கே பொருளைத் தமிழில் பார்ப்போம். பத்தில் எட்டுப் பேர் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"சரக்கு இருப்பு மற்றும் டெலிவரிக்குப் பொறுப்பு."

"ரெஸ்பான்சிபிள் ஃபார்" என்று தொடங்கும் இந்த மாதிரி வரியில் என்ன தெரிகிறது? எவ்வளவு சரக்கு, எத்தனை டெலிவரி, நீங்கள் செய்தீர்களா, செய்தவரை மேய்த்தீர்களா, ஒன்றும் தெரியாது. பொறுப்பு இருந்தது தெரிகிறது. அதை நிறைவேற்றினீர்களா என்பது தெரியவில்லை. இப்போது அதையே உடைத்துப் போடலாம்:

"நாளொன்றுக்கு 40 முதல் 50 டிஓ வரை பொருளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, 3 லாரிகளில் ஏற்றி அனுப்பியது."

"மாத இறுதியில் இருவர் குழுவாகச் சுமார் 1,200 வகைப் பொருள்களை எண்ணி, வித்தியாசங்களை எக்செல்லில் பதிந்து மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது."

"காலாவதித் தேதி முந்தியது முதலில் வெளியேறும் முறையில் உறைபொருள்களை அடுக்கியது, எடுத்துக் கொடுத்தது."

மூன்று வரிகள், விளம்பரத்தின் நான்கு கேள்விகளுக்குப் பதில். ஒவ்வொன்றும் ஒரு செயலில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் வினைச்சொல்லை முதலில் வையுங்கள்: செக்ட், கவுன்டட், லோடட், பேக்ட். எண் தெரியாவிட்டால் ஒரு வாரத்து டிஓக்களை எண்ணிப் பாருங்கள், சராசரி வந்துவிடும். ஆனால் அழகுக்காக எண்ணைக் கூட்டாதீர்கள். "1,200 வகையை இரண்டு பேர் எத்தனை மணி நேரத்தில் எண்ணுவீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிற எண்ணாக இருக்க வேண்டும்.

விளம்பரம் பயன்படுத்திய சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர்கள் "ஸ்டாக் கவுன்ட்" என்றால் நீங்கள் "இன்வென்டரி ஆடிட்" என்று பெரிதாக்க வேண்டாம். பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் ஒரு மென்பொருள் வாங்கிப் பிரித்து வைக்கிறது, பிறகுதான் ஆள் சொல் போட்டுத் தேடுகிறார். அவர் "ஃபோர்க்லிஃப்ட்" என்று தேடும்போது உங்கள் தாளில் "பொருள் நகர்த்தும் வாகனம்" என்றிருந்தால் அகப்பட மாட்டீர்கள்.

இதே மென்பொருளால்தான் இன்னொரு கோளாறும் வருகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வண்ண டெம்ப்ளேட்டுகளில் இடப்பக்கம் ஒரு பட்டை, வலப்பக்கம் ஒரு பட்டை, திறமைக்கு ஐந்து நட்சத்திரம், தொலைபேசிக்குச் சின்னப் படம் எல்லாம் இருக்கும். கண்ணுக்கு அழகு. மென்பொருள் அதை இடமிருந்து வலமாக ஒரே வரியாக வாசித்தால், உங்கள் கைப்பேசி எண் முன்னாள் முதலாளியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தின் மேல்விளிம்புப் பகுதியில் போட்ட எண் சில சமயம் காணாமலே போய்விடும். சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குலையாமல் படிக்க முடிந்தால் பிரச்சினை இல்லை. குலைந்தால் இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே பட்டையாக மாற்றுங்கள். சாதாரண எழுத்துரு, 11 புள்ளி அளவு, நாலு பக்கமும் 2 செ.மீ. விளிம்பு, இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

எத்தனை பக்கம்? ஐந்தாண்டுக்குள் அனுபவம் என்றால் ஒரு பக்கம். அதற்கு மேல் இரண்டு. ஐடி துறையினர் ஒவ்வொரு புராஜெக்டையும் விவரித்து ஆறு பக்கம் அனுப்புவார்கள். கடைசி இரண்டு புராஜெக்டை விரித்து மற்றதை ஒவ்வொரு வரியில் முடித்தால் போதும்.

படிப்புக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. உயர்ந்த தகுதி முதலில். பட்டமோ டிப்ளோமாவோ இருந்தால் தொடக்கப்பள்ளித் தேர்வு வரை இறங்க வேண்டாம். ஐடிஇ தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நைட்டெக் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர்களும் டபிள்யூஎஸ்கியூ என்ற ஊழியர் திறன் தகுதிப் பயிற்சி பெற்றவர்களும் சான்றிதழின் முழுப் பெயரையும் பெற்ற ஆண்டையும் எழுதுங்கள். ஃபோர்க்லிஃப்ட் மாதிரி வேலைக்கு நேரடியாக வேண்டிய சான்றிதழைப் படிப்புப் பட்டியலின் அடியில் புதைக்காமல், பெயருக்குக் கீழேயே ஒரு வரியாகக் கொடுத்துவிடுங்கள். புதிதாகப் படிப்பு முடித்து வேலையே பார்க்காதவர்களுக்கு இன்டர்ன்ஷிப்பும் பகுதிநேர வேலையும்தான் அனுபவம். தேசிய சேவையும் அனுபவமே. ஆயுதப் படையில் தளவாடப் பிரிவில் இருந்தவருக்கு நம் துவாஸ் கிடங்கு புதிய உலகமல்ல. பதவியையும் செய்த வேலையையும் இரண்டு வரியில் எழுதலாம். முகாமின் உள்விவரம் எதுவும் கூடாது.

மொழிகளுக்கு ஒரு வரி. தமிழ் பேசவும் எழுதவும் தெரியும் என்பதைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். தமிழ்த் தொழிலாளர்கள் உள்ள தளத்தின் மேற்பார்வை வேலைக்கோ, முதியோர் பராமரிப்புக்கோ, பாலர்பள்ளி வேலைக்கோ அது நேரடியான தகுதி.

எந்த பாஸ் என்பதை மறைக்க வேண்டாம்

மனிதவளப் பிரிவு கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்தால் தொடர்பு விவரத்தோடு ஒரே சொல்லில் போடலாம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் எந்த வகை, எப்போது காலாவதி என்று எழுதுங்கள். புதிய நிறுவனம் புதிதாக அனுமதி எடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான். டிபெண்டன்ட் பாஸில் (வேலை அனுமதி உள்ளவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்களுக்கு 2021 மே 1 முதல் நிலைமை மாறிவிட்டது: முன்புபோல் இசைவுக் கடிதம் போதாது, பொதுவாக நிறுவனமே அவர்களுக்கு வேலை அனுமதி பெற வேண்டும். பழைய விவரத்தை நம்பி "உடனே சேரலாம்" என்று எழுதினால் நேர்காணலோடு கதை முடியும்.

இல்லாத படிப்பை இருப்பதாகக் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முகவர் "எல்லாரும் செய்வதுதான்" என்பார், பெயர் உங்களுடையது.

கவர் லெட்டர்: ஒரு பக்கம், நான்கு பத்தி

கடிதத்தை எழுத உட்காரும்போது விளம்பரத்தைப் பக்கத்தில் வையுங்கள். மேலே உங்கள் பெயர், தொடர்பு, அடுத்து தேதி, பிறகு நிறுவனத்தின் பெயர், முகவரி, அதன் கீழே எந்த வேலைக்கு என்ற ஒரு வரி, விளம்பர எண் இருந்தால் அதோடு. விளம்பரத்தில் ஆளின் பெயர் இருந்தால் "டியர் மிஸ் லிம்" என்று பெயரிட்டே தொடங்கி "யுவர்ஸ் சின்சியர்லி" என்று முடிக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "டியர் சார் ஆர் மேடம்", முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி". இரண்டையும் மாற்றிப் போட்டால் வேலை போய்விடாது, ஆனால் அலுவலகக் கடிதம் எழுதிப் பழகாதவர் என்று தெரிந்துவிடும். "ரெஸ்பெக்டட் சார்", "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி", "டு தி நீட்ஃபுல்" எல்லாம் ஊரில் தாசில்தார் அலுவலகத்துக்கு எழுதியவை. இங்கே வேண்டாம். படிப்பை முடித்ததைச் சொல்ல "பாஸ்ட் அவுட்" என்றும் எழுதாதீர்கள். இங்கே படிப்பவர் நீங்கள் மயங்கி விழுந்ததாக நினைத்துக்கொள்வார்.

நம் துவாஸ் விளம்பரத்துக்கு உள்ளடக்கம் இப்படி அமையலாம். முதல் பத்தி:

"உங்கள் துவாஸ் கிடங்கின் ஸ்டோர் அசிஸ்டன்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்றாண்டுகளாக உறைபொருள் கிடங்கு ஒன்றில் சரக்கு வரவு, டிஓ சரிபார்ப்பு, மாத ஸ்டாக் கவுன்ட் ஆகியவற்றைச் செய்துவருகிறேன்."

இரண்டே வாக்கியம். எந்த வேலை, ஏன் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது முடிந்துவிட்டது. "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு" என்று தொடங்குபவர்கள், வேலை கொடுப்பவரிடம் பள்ளிக்கூடம் கேட்கிறார்கள். அடுத்த பத்திதான் கடிதத்தின் நடு:

"காலாவதித் தேதி முந்தியதை முதலில் எடுக்கும் முறையில்தான் எங்கள் கிடங்கும் இயங்குகிறது. தாள் பதிவேட்டில் தேதி தேடுவது சிரமமாக இருந்ததால், எக்செல்லில் தேதிவாரியாக வரிசைப்படும் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேற்பார்வையாளர் அந்தப் பட்டியலைப் பார்த்தே அந்த வாரம் முதலில் வெளியேற வேண்டியவற்றைக் குறிக்கிறார்."

பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆனால் எக்செல் தெரியும், குளிரூட்டிய பொருளின் ஆபத்து புரியும், சொல்லாமலே ஒரு காரியம் செய்வார் என்று மூன்றும் இதிலிருந்து தெரிகிறது. "நான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவன்" என்று எழுதினால் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

மூன்றாவது பத்தி இல்லாததைப் பற்றி. ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் இல்லையென்றால் மூடி மறைக்க வேண்டாம்: "ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கு அடுத்த மாதம் பதிவு செய்திருக்கிறேன்" என்று, உண்மையிலேயே பதிவு செய்திருந்தால் மட்டும், எழுதலாம். பிள்ளை வளர்ப்புக்காக நான்காண்டு வேலையிலிருந்து விலகியிருந்தவர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, இப்போது முழுநேரம் வரத் தயார் என்று முடித்துவிடலாம். நோய், குடும்பச் சண்டை, பழைய முதலாளியின் மீது குறை எதையும் விரிக்காதீர்கள்.

நான்காவது பத்தியில் கேட்டதற்குப் பதில்: ஷிஃப்டுக்குச் சம்மதம், சம்பளம், சேரும் நாள். சம்பளத்தை மாதத்துக்கு இத்தனை வெள்ளி என்று மத்திய சேமநிதிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகையாகச் சொல்வதே இங்கே வழக்கம். "நிறுவன விதிப்படி" என்று நழுவினால், கேட்டதற்குப் பதில் சொல்லாதவர் ஆகிவிடுவீர்கள். ஒரு சிறிய வரம்பு கொடுக்கலாம். சேரும் நாளைச் சொல்ல உங்கள் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால் வேலைச் சட்டம் சொல்வது: 26 வாரத்துக்குக் குறைவாக வேலை பார்த்திருந்தால் ஒரு நாள், அதிலிருந்து இரண்டாண்டுக்குள் ஒரு வாரம், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். "உடனே" என்று எழுதிவிட்டு நான்கு வாரம் கேட்பவர்கள்மேல் எரிச்சல் வருவது இயல்பு.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கடிதம் எழுதித் தரச் சொல்பவர்கள் இப்போது அதிகம். இலக்கணம் திருத்த அது நல்ல துணை. முழுக் கடிதத்தையும் அதனிடம் விட்டால், அதே விளம்பரத்துக்கு வரும் மற்ற இருபது கடிதங்களின் நடையில் உங்களுடையதும் வரும். நீங்கள் செய்யாத வேலையையும் சில சமயம் அது சேர்த்துவிடும். அந்த எக்செல் பட்டியல் கதையை நீங்கள்தான் சொல்ல முடியும்.

அனுப்புவது

மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) கொண்டு நுழைந்து விண்ணப்பிக்கலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸிலோ ஆள் எடுக்க நினைக்கும் நிறுவனம், சில விலக்குகள் நீங்கலாக, அந்த வேலையை அங்கே குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்தாக வேண்டும். 14 நாள் இருக்கிறதே என்று கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். வர வரப் படிக்கத் தொடங்கிவிடுபவர்கள் பலர். வேலைவாய்ப்பு முகவை (ஏஜென்சி) வழியாகப் போனால், விளம்பரத்தில் முகவையின் உரிம எண்ணும் முகவரின் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, மனிதவள அமைச்சின் இணையப் பட்டியலில் சரிபார்த்த பிறகே ரெஸ்யூமேயைக் கொடுங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது பொருள் வரியில் வேலையின் பெயர், விளம்பர எண், உங்கள் பெயர். "ஜாப்" என்றோ வெறுமையாகவோ விடாதீர்கள். கவர் லெட்டரை மின்னஞ்சலின் உடலிலேயே எழுதலாம். அல்லது இணைப்பாக வைத்து, உடலில் மூன்று வரி மட்டும் எழுதலாம். இரண்டு இடத்திலும் முழுக் கடிதம் வேண்டாம். ஃபைலுக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். "ரெஸ்யூமே ஃபைனல் நியூ 3" என்ற பெயரில் அவர்களிடம் ஏற்கெனவே பத்து இருக்கும். வேர்டு கேட்டாலொழிய பிடிஎஃப். கைப்பேசியில் படம் பிடித்த சான்றிதழ்களை இணைத்து 15 எம்பி ஆக்கினால் பாதி இடங்களில் திரும்பி வரும். 2 எம்பிக்குள் அடக்குங்கள். ஒரு மின்னஞ்சல், ஒரு நிறுவனம். பத்து நிறுவன முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்புபவரைப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள்.

தபாலில் கேட்கும் இடங்களும் இன்னும் சில உண்டு. ஏ4 தாள் சாதாரண 80 கிராம் ரகம் என்றால் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். கடிதம் ஒன்று, ரெஸ்யூமே இரண்டு, ஆக 15 கிராம். அதோடு உறையின் எடை. மூன்றாக மடித்தால் 110க்கு 220 மி.மீ. டிஎல் உறை, ஒரே மடிப்புக்கு சி5, மடிக்காமல் வைக்க 229க்கு 324 மி.மீ. சி4. மடிக்காத தாளை ஸ்கேன் செய்வது சுலபம் என்பதால் சி4 நல்லது, ஆனால் உறையே கனமானது. தபால்தலையை வீட்டில் ஊகித்து ஒட்டாமல் அஞ்சலகத்தில் எடை போட்டு ஒட்டுங்கள். கடிதம் மேலே, ரெஸ்யூமே கீழே; கடிதத்தில் நீல அல்லது கறுப்பு மையில் கையெழுத்து. ஸ்டேப்பிள் வேண்டாம், கிளிப் போதும். மூலச் சான்றிதழை உறைக்குள் வைக்கவே கூடாது. முகவரியில் மாடி எண்ணும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் சரியா என்று பாருங்கள். அந்த ஆறு இலக்கம் ஒரு கட்டடத்தையே குறிக்கிறது, ஓர் எண் மாறினால் கடிதம் வேறு கட்டடத்துக்குப் போய்விடும்.

அனுப்புவதற்கு முன் தாளை அச்செடுத்து, இன்னொருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கி நிற்கும் இடத்தில் பிழை இருக்கும். முந்தைய விண்ணப்பத்தை நகலெடுத்து எழுதியவர்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் இன்னொரு முறை பார்க்கட்டும். வேறு நிறுவனத்தின் பெயரோடு போகும் கடிதங்கள் நினைப்பதைவிட அதிகம். துணை வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பிலும் என்டியுசி தொழிற்சங்கக் காங்கிரஸின் வேலைவாய்ப்பு நிலையமான இ2ஐயிலும் ரெஸ்யூமேயைப் பார்த்துச் சொல்லும் வேலை ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

அனுப்பிய அன்றே விளம்பரத்தின் படத்தையும் அனுப்பிய இரண்டு தாள்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். விண்ணப்பக் காலம் முடிந்ததும் விளம்பரம் தளத்திலிருந்து போய்விடலாம். மூன்று வாரம் கழித்துப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஃபோன் வரும்: "நீங்கள் விண்ணப்பித்த வேலை பற்றிப் பேச வேண்டும்." "எந்த வேலை?" என்று கேட்காமல் இருக்க அந்த ஃபோல்டர் கைப்பேசியில் இருக்க வேண்டும்.